பார்த்தால் அடங்கிவிடும் சத்தம்

"யாரும் பார்க்காதப்பதான் பண்ணுது, குட்டி."

"யாரும் பார்க்காதப்ப பண்றது உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"அதான் எனக்கும் புரியலை."

"சரி, பார்த்தா என்ன பண்ணுது?"

"பார்த்தா ஒண்ணும் பண்ணலை. ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்குது."

"எங்க அண்ணனைச் சொல்றீங்களா, கம்ப்யூட்டரைச் சொல்றீங்களா?"

தொலைபேசியில் நடந்த அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கிற நிலையில் நான் இல்லை. குட்டி என் நாத்தனார். நாற்பதைத் தொடப் போகிறாள், இன்னும் வீட்டில் எல்லோருக்கும் குட்டிதான். ஒரு பெரிய மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது அவள் உத்தியோகம். விடுமுறை நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

நானும் என் கணவரும் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் தயாரிக்கிறோம். அவர் கம்ப்யூட்டரில் படம் வரைவார். நான் அந்தப் படங்களையும் எழுத்துகளையும் பக்கம் பக்கமாகப் பொருத்துவேன். அவர் மேஜை மாடியறையில், என் மேஜை கீழே முன்னறையில். மகள் தவழ ஆரம்பித்த காலத்தில், கையில் அகப்பட்ட ஒயரையெல்லாம் இழுத்து வாயில் வைக்கிறாள் என்று அவர் தன் மேஜையை மேலே கொண்டுபோனார். அந்த மகள் இப்போது விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ஒயரை இழுக்க ஆளில்லை. ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை.

'கீழே வந்துடுங்க' என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவதுதான் வரும். "கேஸ் தீர்ந்துடுச்சு" என்பேன். "மோட்டார் போடணும்" என்பேன். மாடியில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கேட்காமல் இருக்கிற வரைக்கும் அவர் மறுக்கவும் இல்லை. அந்த ஆறுதலிலேயே வருஷங்கள் போய்விட்டன.

படங்கள் கனமான ஃபைல்கள். வீட்டு வைஃபை மாடி வரைக்கும் ஏறாது. அதனால் ஒரு பென்டிரைவ்தான் எங்களுக்குத் தபால்காரன். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் துணி கிளிப், கிளிப்பில் பென்டிரைவ். அவர் படம் முடித்ததும் கைப்பிடியில் டொக் டொக் என்று தட்டி இறக்குவார். நான் பக்கம் முடித்ததும் கயிற்றை ஆட்டுவேன், மேலே போகும். எங்கள் பேச்சுக்கூட நாளடைவில் ஃபைல் பெயர்களுக்குள் போய்விட்டது. 'யானைக்_காது_பெருசாக்கியாச்சு_போதுமா' என்று ஒரு ஃபைல் இறங்கும். 'காது_போதும்_வால்_எங்கே' என்று பதில் ஏறும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் கம்ப்யூட்டருக்கு என்னவோ பிடித்தது.

துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டுத் திரும்பினால் உள்ளே விசிறி ஹோவென்று இரைந்துகொண்டிருக்கும். பெட்டியைத் தொட்டால் இஸ்திரிப்பெட்டி மாதிரி சூடு. மௌஸைத் தொட்டதும் கப்சிப். காலையில் போடும்போதெல்லாம் திரையில் ஒரு கறுப்புக் கட்டம் கண் சிமிட்டுவதுபோல் வந்து மறையும். வேலையில் பாதியில் பக்கம் உறைந்துபோய் நிற்கும். புத்தகம் அச்சுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முயல் பக்கத்தை மூன்றாம் முறையாகச் செய்துகொண்டிருந்தேன்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வைரஸைப் பிடிக்கிற ஒன்றையும் போட்டு, "இனிமே ஈ, எறும்புகூட நுழையாதுங்க" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பழையபடி இரைச்சல்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த இரைச்சலுக்கு நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். நான் இல்லாத நேரத்தில் அவர் இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து என் பக்கங்களைப் பார்க்கிறார். என் காலடிச் சத்தம் கேட்டதும் ஏறிவிடுகிறார். அதனால்தான் பெட்டி சூடாக இருக்கிறது. யோசித்தால் அபத்தம். யோசிக்காமல் வைத்திருந்தால் இதமாக இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துவிட்டுத்தான் கொல்லைப்பக்கம் போவேன், அவருக்கு உட்கார வசதியாக இருக்கட்டும் என்று.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நான் இல்லாதப்ப என் கம்ப்யூட்டர்கிட்ட வந்தீங்களா?"

"நான் எதுக்கு வரேன்? உன் கம்ப்யூட்டரை நான் தொடக்கூட இல்லை" என்று மேலிருந்து பதில் வந்தது. கோபமா, பயமா, என்ன குரல் அது என்று எனக்குப் பிடிபடவில்லை.

குட்டி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "நோயாளி எங்க?" என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள். நானும் அவளும் எதையும் தொடாமல் காத்திருந்தோம். சற்று நேரத்தில் விசிறி இரைய ஆரம்பித்தது.

"வந்துட்டார் பாருங்க" என்று, எந்த நிரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். அவ்வளவுதான். இரைச்சல் நின்றது. பட்டியலில் எல்லாம் சாதுவாக இருந்தன. மூடினாள். கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஹோ. திறந்தாள். அமைதி.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குது குட்டி."

"உங்களுக்கு இல்லை அண்ணி. நாம தேடுறோம்னு அதுக்குத் தெரியுது. இந்தப் பட்டியலைத் திறந்தா பதுங்கிக்கணும்னே எழுதி வச்சிருக்கான், எவனோ. இருங்க, மாறுவேஷத்துல போவோம்."

அவள் தன் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துச் செருகினாள். அதே மாதிரி பட்டியல் காட்டும் வேறொரு கருவி அதில் இருந்தது. அதன் பெயரை மாற்றிச் சாதாரண ஃபைல்போல ஆக்கி ஓடவிட்டாள். இந்தத் தடவை இரைச்சல் நிற்கவில்லை. பிரின்டருக்கு உதவும் நிரல்போல ஒரு பெயர் மேலே வந்து நின்றது. கிட்டத்தட்ட முழு கம்ப்யூட்டரையும் அது ஒன்றே தின்றுகொண்டிருந்தது.

"உங்ககிட்ட பிரின்டர் இருக்கா அண்ணி?"

"இல்லையே. பிரின்ட் எல்லாம் கடையிலதான் எடுக்கிறோம்."

"அப்ப இவருக்கு இங்க என்ன வேலை? நீங்க எழுந்து போனதும் உங்க மெஷின்ல உட்கார்ந்து, எங்கேயோ இருக்கிற ஒருத்தனுக்குக் கணக்குப் போட்டு அனுப்பிக்கிட்டிருக்கார். நீங்க வந்தா எழுந்து ஓடிடறார்."

என் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று இவ்வளவு தெளிவாக யாராவது சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், ஏனோ சமையலறைக்குப் போய் வெறுமனே குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்தேன்.

அதற்குள் அவள் அதைப் பிடுங்கி எறிந்திருந்தாள். கம்ப்யூட்டரைப் போடும்போது அதை எழுப்பிவிடுகிற ஏற்பாட்டையும் தேடி அழித்தாள். அந்தக் கறுப்புக் கட்டம் அதுதானாம். மறுபடி போட்டுப் பார்த்தோம். சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தோம். பெட்டி சில்லென்று இருந்தது. குட்டி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

டொக் டொக்.

கயிறு இறங்கியது. எடுத்துச் செருகி, 'முயலுக்கு_மீசை_வச்சாச்சு' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். படத்தை முயல் பக்கத்தில் பொருத்திவிட்டு, குட்டிக்குத் தேநீர் கொடுக்க எழுந்தேன். தேநீர் ஆறுவதற்குள் விசிறி ஹோவென்றது.

குட்டி அதிர்ந்துபோய்விட்டாள். "இப்பதானே அண்ணி கொன்னேன்!"

என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடைசியா என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன பண்ணேன்? உங்க அண்ணன் அனுப்பின ஃபோல்டரைத் திறந்தேன்."

அவள் குனிந்து திரையில் மூக்கு படுகிற தூரத்தில் அந்த ஃபோல்டரைப் பார்த்தாள். "இது என்ன மூலையில, சின்னதா வளைஞ்ச அம்பு?"

"அதுவா? அது அவர் போடறது. வேலை முடிஞ்சதுக்கு அடையாளம்."

"அண்ணா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் படியில் பாதி இறங்கி வந்துவிட்டார். "ஃபோல்டர்ல அம்பு போடறது நீயா?"

"நானா? அவதானே போடறா. பார்த்துட்டேன்னு சொல்றதுக்கு."

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவருக்கும்தான்.

குட்டி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! இது ஃபோல்டரே இல்லை, அம்பு இருந்தா வெறும் ஷார்ட்கட். உங்க உண்மையான ஃபோல்டரை ஒளிச்சு வச்சுட்டு, அதே பேர்ல, அதே சட்டையில நிக்கிற ஆள். இதைத் திறந்தா உள்ள இருக்கிறதையும் காட்டும், கூடவே தானும் ஓடிவந்து மெஷின்ல உட்கார்ந்துக்கும். இந்த அம்பைப் பார்த்தா யாரும் என்ன ஏதுன்னு கேப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் அன்பளிப்புன்னு வாங்கி வச்சுக்கிட்டிருக்கீங்க!"

அவள் படியேறினாள். பின்னாலேயே நாங்களும் போனோம். அந்த அறைக்குள் நான் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. ஜன்னல் ஓரமாக மேஜை. அவர் கம்ப்யூட்டரிலும் அதே பிரின்டர்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இதை இப்பதான் யாரோ துடைச்சு வச்சிருக்காங்களே. எப்ப ரிப்பேர் பண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "இவ நம்ம பொண்ணைப் பார்க்கப் போயிருந்தப்ப. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு நினைச்சேன். புத்தக நேரத்துல இவளை எதுக்குப் பயமுறுத்தணும்னு சொல்லலை."

"அண்ணி, நீங்க உங்களோடதைக் கடையில கொடுத்தப்ப அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் திட்டுவார்னு..."

"நான் என்னைக்கு உன்னைத் திட்டியிருக்கேன்?" என்றார் அவர், உண்மையிலேயே குழம்பிப்போய். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

"பிரமாதம்" என்றாள் குட்டி. "ஒருத்தருக்குக் குணமானா இன்னொருத்தர்கிட்டேர்ந்து ஒட்டிக்கும். அவருக்குக் குணமானா இவங்ககிட்டேர்ந்து போகும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். முதல்ல அந்த பிரின்ட் கடையிலதான் பென்டிரைவ்ல ஏறியிருக்கணும். அது போகட்டும்."

இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே சமயத்தில் அணைத்தாள். இரண்டையும் சுத்தம் செய்தாள். பென்டிரைவில் ஒளிந்திருந்த எங்கள் உண்மையான ஃபோல்டர்களை வெளியே எடுத்து, அம்பு போட்ட போலிகளை அழித்தாள். சாயங்கால வெயில் ஜன்னலைத் தாண்டும்வரை எதுவும் இரையவில்லை. முயல், மீசையோடு பத்திரமாக இருந்தது.

"இனிமே இந்தக் கயிறு, கிளிப் எல்லாம் வேண்டாம்" என்று அவள் தன் பையிலிருந்து ஒரு சுருள் கேபிளை எடுத்தாள். "இந்த மூலையில ஒரு ஓட்டை போட்டா கீழ்ரூமுக்கு இறக்கிடலாம். ஒரு பட்டனைத் தட்டினா ஃபைல் போயிடும். தட்டவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கவே தேவையில்லை!"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே டிரில்லைத் தேடி எடுத்துவந்தார். குட்டி பென்சிலால் தரையோரம் ஒரு வட்டம் போட்டாள். அவர் மண்டியிட்டு அதன்மேல் டிரில்லை வைத்தார்.

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வேலை சுலபமாகப் போகிறது. புத்தகம் நேரத்துக்கு முடியும். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? கேஸ், மோட்டார், பால் என்று வாயில் எப்போதும் தயாராக நிற்கும் வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

"ஏங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். விரல் டிரில்லின் விசையிலேயே இருந்தது.

"என்னம்மா?"

"ஓட்டை போடாதீங்க. மேஜையைத் தூக்கிக்கிட்டுக் கீழே வந்துடுங்க. என் பக்கத்துல உட்கார்ந்து வரைங்க."