நான்காம் வாரக் கையெழுத்து

மாலை நான்கு மணிக்குள் விளக்கக் கடிதம் மேலாளர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேலை போனது போனதுதான். இப்போதே மணி இரண்டே கால். அண்ணியின் சாப்பாட்டு மேசையில் நான்கு காகிதங்கள் கசங்கிக் கிடந்தன.

கொழுந்தனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்கும். வீட்டில் அவன் பெயரே ஸ்பேனர்தான். திங்கட்கிழமை, அவன் பொறுப்பிலிருந்த கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்க் கீழே இடித்து நின்றது. உள்ளே இருந்த பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது.

அண்ணிக்குப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. அடுத்தவர் எழுதியதை வெட்டிச் சீராக்கியே பதினோரு வருடம் ஓட்டியவள். அதனால்தான் அவளிடம் ஓடி வந்திருந்தான்.

'உங்கள் அலட்சியத்துக்கு நான் பலிகடாவா?' என்று ஆரம்பித்திருந்தான் ஸ்பேனர். இதைக் கொடுத்தால் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்றார் அண்ணன். குடும்பம், குழந்தை, கருணை என்று காலில் விழுவதுபோல் எழுதச் சொன்னார்.

"விழறதுன்னா நேரா போய் விழலாமே. கடிதம் எதுக்கு?" என்றாள் அண்ணி.

அவள் கை அவன் கொண்டுவந்த லிஃப்ட் பராமரிப்பு ஏட்டின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு பக்கம். மூன்று வாரம் தொடர்ந்து ஸ்பேனர் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தான்: 'பிரேக் கட்டை தேய்ந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும்.' பார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் யாரோ கிறுக்கிய கையொப்பம். அந்த வரியில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கடிதத்துக்கு வேண்டிய குரல் இதுதான் என்று அவளுக்குச் சட்டென்று பட்டது. பேனாவை எடுத்தபடி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

'எல்லாம் சரி.' கீழே அவன் கையெழுத்து. விபத்துக்கு மூன்று நாள் முந்தைய தேதி.

"ஏன் தம்பி, தேஞ்ச கட்டை திரும்ப வளர்ந்துடுச்சா?"

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு மேல ஏறவே இல்ல அண்ணி. மூணு வாரம் எழுதினேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. நாலாவது தடவை யாருக்காக எழுதணும்னு கீழேயே நின்னு போட்டுட்டேன்."

அந்தப் பக்கத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்றார் அண்ணன். மூன்று எச்சரிக்கை போதும். தானே போய்க் குழியில் விழுவானேன்?

"மூல ஏடு அவங்க கையில இருக்கு," என்றாள் அவள். "அவங்க சொன்னா அது திருட்டு. இவன் முதல்ல சொன்னா தப்பு."

மணி மூன்று. அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். 'நான்காம் வாரம் நான் மேலே ஏறவில்லை. ஏறாமலே கையெழுத்திட்டேன். அந்த அம்மாவின் கை முறிந்ததில் எனக்குப் பங்கு உண்டு.' அதன் கீழே மூன்று தேதிகள், அந்த மூன்று வரிகள். கடைசியில் 'உங்களுக்கும் பங்கு உண்டு' என்று சேர்த்தான். அவள் அந்த வரியை அடித்துவிட்டாள். தேதியே அதைச் சொல்லும் என்றாள்.

நான்குக்கு ஐந்து நிமிடம். அலுவலகத்தில், கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அண்ணி. மேலாளரின் உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது. கடிதத்தின் முதல் வரியைப் படித்தவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மறுபடி படித்தார். ஏதோ கேட்டார். அவன் சொன்ன பதிலில் அவர் முகம் சுண்டிப்போனது.

வெளியே வந்தவனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கைக்கு அடியில நாலாவது பக்கத்தைச் சிவப்பு வட்டம் போட்டு வெச்சிருந்தார் அண்ணி. நான் மறைப்பேன்னுதான் காத்துக்கிட்டு இருந்திருக்கார்."

"வேலை?"

"ஒரு மாசம் சஸ்பெண்ட். வேலை இருக்கு."

"கடைசியா என்ன கேட்டார்?"

"மத்த மூணு பக்கத்தையும் பார்த்துட்டு ஓரத்துல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேட்டார். நீங்கதான் சார், படிக்காமலே போட்டீங்கன்னேன்."

அண்ணி கண்ணாடி வழியே பார்த்தாள். மேலாளர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்திருந்தார். பேனா மூடியைத் திறந்தவர், தன் விளக்கத்துக்கு முதல் வரி கிடைக்காமல் அதையே வெறித்துக்கொண்டிருந்தார்.