இடைவேளையில் சாகிற மர்த்

மெரின் எழுதிய ஒரே நாவலில் வாசகர்கள் கொண்டாடியது கதாநாயகியை அல்ல, அவளுடைய சித்தி மர்த்தை. வீட்டில் எது இடிந்து விழுந்தாலும் ஒரு கேலி பேசிவிட்டு உலை வைக்கிறவள். மெரினின் சொந்தச் சித்திதான் அவள். குடும்பத்தில் எல்லோரும் சித்தி என்பதைப் பிரெஞ்சில் ‘தாந்த்’ என்று கூப்பிடுவார்கள். “எம் பேர மாத்துன, கைய ஒடிப்பேன்” என்று அவள் மிரட்டியதால் நாவலிலும் மர்த்தாகவே இருந்தாள்.

மெரின் செத்த பிறகு படக்காரர்கள் நாவலைக் கேட்டு அவள் புருஷன் ஜெர்ரியிடம் வந்தார்கள்.

“இந்த மர்த் கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தா படத்துல எடுபடாது சார். இடைவேளையில செத்தாதான் ஜனம் அழும்” என்றார் இயக்குநர்.

“சரி” என்றான் ஜெர்ரி. மனைவியைப் புதைத்தவனுக்கு அப்போது வேறு சொல் வாயில் வரவில்லை.

இப்போது நிஜ மர்த்துக்கு நெஞ்சில் ஆபரேஷன். திங்கட்கிழமை கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பல்லி கத்தினாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிறவளைக் கெஞ்சிக் கூத்தாடி அவன்தான் ஒப்புக்கொள்ள வைத்திருந்தான். அவளும் போய்விட்டால் அவனுக்கு யாருமில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை. மெரினின் கல்லறைக்கு வெள்ளையடிக்க மர்த் முன்னாலேயே போயிருந்தாள். பூ வாங்கிக்கொண்டு பின்னால் போன ஜெர்ரி கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டான். காலையில் படப்பிடிப்பு முடித்துப் போனவர்கள் ஒரு சிலுவையைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். பலகையில் கறுப்பு எழுத்தில் ‘மர்த்’. அதன் முன்னால் மர்த் மண்டியிட்டு மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

ஆளில்லாத கல்லறை எதுவானாலும் ஒரு வத்தி வைப்பது அவள் வழக்கம். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவதும் வழக்கம்.

“வா மாப்ளே. ஒரு பூவில்ல, ஒரு நாதியில்ல, பாவம். யாருன்னு படிச்சுச் சொல்லு. பூசையில வேண்டிக்கிறேன்.”

அவன் பலகையைப் பார்த்தான்.

“ஈனெஸ்.”

“எந்த ஈனெஸு?”

“தெரியல தாந்த்.”

வத்தி அணைந்தது. காற்றில்லை. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது.

“ஈனெஸம்மாவுக்கு வேணாமாம்” என்று சிரித்தாள். “அது கெடக்கட்டும். படத்துல நான் எப்பிடி வரேன்? சிரிக்கிறேனா?”

“சிரிக்கிறீங்க.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

பலகையைப் பிடித்து எழுந்தாள். போகும்முன் சிலுவை போட்டுக்கொண்டாள். காலையில் தீட்டிய பெயிண்ட் இன்னும் காயவில்லை. நெற்றியில் ஒரு கறுப்பு. வெள்ளைக் கவுனில் நெஞ்சின்மேல் ஒன்று.

ஜெர்ரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். அது பரவியது.

“என்னா மாப்ளே?”

“கரி, தாந்த்.”

“திங்கக்கெழம போறோம்ல?”

“போறோம்.”

நெஞ்சில் இருந்ததை அவன் தொடவில்லை. டாக்டர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில் அது காய்ந்துகொண்டிருந்தது.