சாமான் இல்லாத வீடு

நேசமலர் தன் பெரிய அண்டாவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள் என்ற செய்தி, அண்டா கோயில் வாசலைக் காணுமுன்பே லேனின் கடல்முனை வரைக்கும் போய்விட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற லேன்களில் அப்படித்தான். மீன்காரனின் சைக்கிளை விடக் கதை வேகமாக இறங்கும்.

அது லேசுப்பட்ட அண்டாவும் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போக வந்த சனத்தில் பாதிக்குச் சோறு போட்டது. மேல்மாடியில் இரண்டே அறை கொண்ட அந்த வீட்டில் வருடக்கணக்காக யாராவது ஒருவர் காத்துக் கிடந்தார். ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்த பெடியன்கள், கனடா மாப்பிள்ளைக்குக் காத்திருந்த பெட்டைகள், கண் புரை வெட்ட வந்த பெரியப்பாமார். இரவில் குளியலறைக்குப் போக நாலு பேரைத் தாண்ட வேண்டும். நேசமலர் கப்பல் கம்பனியில் தட்டெழுத்து வேலை முடித்து வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி களைவாள். புருஷன் இராசரத்தினம் வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ" என்று சொல்கிற பொறுப்பை மட்டும் ஒருநாளும் தவறாமல் செய்தார். அவர் மாரடைப்பில் போனபோது செத்தவீட்டுக்கு வந்தவர்களிலும் இரண்டு பேர் விசா கிடைக்கும்வரை நின்றுவிட்டார்கள்.

கடைசியாக நின்ற அண்ணன் மகன் நோர்வேக்கு விமானம் ஏறினான். அவனை அனுப்பிவிட்டு வந்த நேசமலர் கூடத்தின் நடுவில் நின்றாள். கடல் கேட்டது. இத்தனை வருடமும் கடல் அங்கேதான் இருந்தது; ஆனால் அந்த ஜன்னலை மறைத்து ஒரு அலுமாரி நின்றது, அலுமாரிக்கு மேல் ஊரார் பெட்டிகள்.

அந்த மாதத்திலேயே வேலையிலிருந்தும் ஓய்வு கிடைத்தது. சாமான்கள் படியிறங்கத் தொடங்கின. அலுமாரி கீழ்வீட்டுச் சிவமணிக்குப் போனது. மெத்தைகள், சோபா, கண்ணாடிச் சாமான் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போயின.

"என்னக்கா, நீங்களும் வெளிநாட்டுக்கோ?" என்று சிவமணி கேட்டாள்.

"இல்லை. இஞ்சதான் இருக்கப் போறன்."

"இருக்கிற ஆக்கள் ஆராவது சாமானைக் குடுப்பினமே?"

"இருக்கிறதுக்கு இடம் வேணுமெண்டுதான் குடுக்கிறன்."

சிவமணிக்கு இது விளங்கவில்லை. அலுமாரி தேக்கு என்பது மட்டும் விளங்கியது.

நேசமலருக்கு மிஞ்சியது ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு மேசை, ஒரு கோப்பை, ஒரு சாமிப்படம். மத்தியானத்துக்குச் சைவக்கடைப் பார்சல்; இரவுக்குப் பாணும் வாழைப்பழமும். அடுப்பு மூட்டாத தமிழ்ப் பொம்பிளையை லேன் அதற்கு முன் கண்டதில்லை. அடுத்ததாகத் தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டினாள். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்த எதிர்வீட்டு ஸஹாப்தீன் நானாவிடம் நீலப் பருத்தித் துணி வாங்கி, தொளதொளவென்று கணுக்கால் வரை ஒரு உடுப்புத் தைத்தாள். முன்பக்கம் இரண்டு பெரிய பைகள்.

"மேசன் வேலை கிடைச்சிருக்காக்கும்," என்றார்கள் தண்ணீர்க் குழாயடியில்.

"பைக்குள்ள என்ன, கொத்துக் கரண்டியோ?"

பைக்குள் பென்சிலும் தூரிகையும். பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கினவள் அவள். அதன் பிறகு யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது விடிந்ததிலிருந்து ஜன்னலடியில் இருந்து கடலைப் படமாகக் கீறினாள். தினமும் அதே கடல். லேனுக்கு அது ஒரே கடலாக இருக்கலாம். அவளுக்குக் காலையில் அது ஈயம், பத்து மணிக்குக் கண்ணாடி, அந்தியில் பழுத்த மாம்பழத்தோல். ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடியதால் சில படங்களில் ரயிலும் ஓடியது. எந்த வெளிச்சத்தில் கீறியது என்று மறந்துவிடாமல் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் திகதியும் மணியும் எழுதி, மாப்பசை தடவிச் சுவரில் ஒட்டினாள். ஒரு மத்தியானம் தலையை நிமிர்த்தி, காலையிலிருந்து தன்னை ஒருவரும் கூப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். சிரிப்பு வந்தது. தனியாக இருந்து சிரித்த சத்தம் கீழே சிவமணிக்குக் கேட்டது. மாலைக்குள் மற்றவர்களுக்கும் கேட்டுவிட்டது.

அடுத்த ஸ்டேஷனான தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது அந்த வருடம்தான். ரயிலில் போனவர்களை வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார்கள். அதற்குப் பிறகு லேனின் தமிழ் வீடுகளில் பொலிஸ் சோதனை கூடிவிட்டது.

சிவமணிக்குச் சிங்களம் கதைக்க நல்ல விருப்பம். கூப்பன் கடையில் பழகிய சிங்களம். ஒரு காலை அவள் வீட்டைச் சோதிக்க வந்த இளம் பொலிஸ்காரன் மரியாதையாகப் பேசினான்; அலுமாரி நல்ல அலுமாரி என்றும் சொல்லிவிட்டான். சிவமணி குளிர்ந்துபோனாள். அலுமாரி வந்த கதையைச் சொன்னாள். மேல்வீட்டு நோனா எல்லாச் சாமானையும் கொடுத்துவிட்டாள், சமைக்கிறதில்லை, மயிரை வெட்டிவிட்டாள், பை வைத்த உடுப்புத் தைத்திருக்கிறாள், பகல் முழுக்க ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். லேனில் யாருக்குச் சொன்னாலும் மோவாயில் கை வைத்து "உண்மையாவோ?" என்பார்கள். அந்தப் பொடியன் மோவாயில் கை வைக்கவில்லை. மேலே பார்த்தான்.

பொலிஸ்காரர் மேலே வந்து நின்றபோது நேசமலர் தன் அறையை முதன்முறையாக அவர்களின் கண்ணால் பார்த்தாள். சுருட்டிய பாய். ஒரேயொரு பெட்டி. குடும்பம் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. சுவர் நிறைய ரயில் பாதை. நாளைக்குப் போய்விடப் போகிற ஒருத்தியின் அறை மாதிரித்தான் இருந்தது.

அதிகாரி சிங்களத்தில் கேட்டான். அவளும் கப்பல் கம்பனிக் கந்தோரில் பழகிய சிங்களத்தில் பதில் சொன்னாள்.

"சாமான் எங்கே?"

"கொடுத்துவிட்டேன்."

"எங்கே போகப் போகிறாய்?"

"எங்கேயும் இல்லை."

"எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று ஏன் எழுதி வைத்திருக்கிறாய்?"

"அது ரயிலுக்கு இல்லை, மாத்தையா. வெளிச்சத்துக்கு."

அவன் அதை மற்றவனிடம் திருப்பிச் சொன்னான். இருவரும் சிரிக்கவில்லை. படங்களை உரித்து எடுத்தார்கள். சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்தது. நீல உடுப்போடேயே அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். லேன் திரைச்சீலைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது.

ஸஹாப்தீன் நானா மட்டும் கடையை மகனிடம் விட்டுவிட்டு நாள்தவறாமல் பொலிசுக்கு அலைந்தார். அந்தத் துணி தன் கடைத் துணி, அந்தப் பைக்குள் பென்சில்தான் இருந்தது என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார். ஐந்தாம் நாள் விட்டார்கள். பெரிய அதிகாரி வயதான மனிதர். எழுந்து நின்றுதான் பேசினார்.

"அம்மா, வீட்டை வீடு மாதிரி வைத்திருங்கள். நாலு சாமான், இரண்டு குடும்பப் படம். வெறும் அறையைக் கண்டால் எங்கள் பையன்களுக்குப் பயம்."

அதட்டிச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். தன்மையாகச் சொன்னார். படங்களைக் கேட்டாள். விசாரணை முடியவில்லை என்றார்.

வெளியில் நின்ற ஸஹாப்தீன் நானா, "நீங்க வாங்க தங்கச்சி, மொதல்ல ஒரு டீ குடிப்பம்," என்றார். அவள் இரண்டு கோப்பை குடித்தாள்.

வீட்டுக்கு வந்தால், லேன் முந்திவிட்டது. வெறும் அறைதான் சந்தேகத்துக்குக் காரணம் என்ற கதை ஏற்கெனவே அங்கே இறங்கியிருந்தது. சோபா திரும்பி வந்திருந்தது. யாரோ ஒரு கண்ணாடி ஷோகேஸ் கொடுத்திருந்தார்கள், உள்ளே பீங்கான் நாய்கள் வரிசையாக. பிளாஸ்டிக் ரோசாப்பூ, நகைக்கடைக் கலண்டர், அவளுக்கு யாரென்றே தெரியாத ஒரு சோடியின் கல்யாணப் படம். படியில் மூச்சிரைக்க நாலு ஆண்கள் தேக்கு அலுமாரியோடு நின்றார்கள். பின்னால் சிவமணி, அழுத முகத்தோடு.

"நான் ஒண்டும் பொய் சொல்லேல்லையக்கா. உள்ளதைத்தான் சொன்னனான்."

"ஓம், சிவமணி. உள்ளதைத்தான் சொன்னனீர்."

"இதை எங்க வைக்கிறது?"

நேசமலர் ஜன்னலைப் பார்த்தாள். பத்து மணிக் கடல்.

"முந்தி இருந்த இடத்திலேயே வையுங்கோ."

வீட்டில் இடமிருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்களும் வந்தார்கள். வவுனியாவிலிருந்து மச்சாளின் இரண்டு பெட்டைகள், விசாவுக்கு. கோயில்தான் அண்டாவைத் திருப்பித் தரவில்லை. புதிதாக ஒன்று வாங்கினாள். நீல உடுப்பை மட்டும் அவள் விடவில்லை. ஆனால் பைகளைப் பிரித்து எடுத்துவிட்டாள். துணி நன்றாக வெளிறியிருந்ததால் பை இருந்த இடங்கள் இரண்டும் கடும் நீலத்தில் சதுரமாகத் தெரிந்தன.

அடுத்த சோதனைக்கு வேறொருவன் வந்தான். சோபா, கலண்டர், சோறு கொதிக்கிற மணம், கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து, தலையாட்டிவிட்டு இறங்கினான். சப்பாத்துக் காலைக்கூட அழுத்தி வைக்கவில்லை.

"பாத்தியளே," என்றாள் சிவமணி, "எல்லாம் அந்த அலுமாரியின்ர புண்ணியம்!"

அலுமாரிக்குப் பின்னால் ரயில் ஒன்று போனது. ஷோகேஸுக்குள் பீங்கான் நாய்கள் எல்லாம் ஒருமிக்க நடுங்கின. நேசமலரின் வலது கை தானாக இறங்கி, அந்தக் கடும் நீலச் சதுரத்தைத் தடவித் துழாவியது.

"மாமி, சோறு பொங்குது!" என்று கூப்பிட்டாள் ஒரு பெட்டை.

"இந்தா வாறன்," என்று எழுந்தாள்.