சமையலறைக் காட்சியை எடுத்தவர்

விருதுப் பரிந்துரைப் பட்டியல் வெளியான நாளிலிருந்து டெலித் பிராசரால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்வான்ஸியிலிருந்து எனக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை போன் செய்தாள். விருது விருந்துக்கு இரண்டு நாள் முன்பே லண்டன் வந்து, பெக்கமில் என் வீட்டில் தங்கினாள். வந்ததும் அலமாரியைத் திறந்து, இருந்த கோப்பைகளை எல்லாம் எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் கழுவி வெச்சதுதான்டி."

"தெரியும்," என்றாள். நிறுத்தவில்லை.

பெரிய ஸ்டுடியோக்களின் தயவில்லாமல் எடுக்கப்படும் பிரிட்டிஷ் படங்களுக்கான விருது அது. அந்த வருடத்தின் சிறந்த ஒளிப்பதிவுக்கு ஐந்து பெயர்கள். அதில் ஒன்று அவளுடையது. நாற்பத்து மூன்று வயதில் முதல் முறை. அதுவரை அவள் பெயர் திரையில் வந்ததெல்லாம், ஜனங்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான்.

நான் மொய்ரா. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஃபோகஸ் பார்ப்பவள். நடிகர் ஓரடி நகர்ந்தாலும் அவர் முகம் மங்கிவிடாதபடி லென்ஸைத் திருப்ப வேண்டும், அது என் கையில் இருக்கிறது. அவளுக்குப் பரிந்துரை வாங்கித் தந்த, கிரிம்ஸ்பியில் எடுத்த அந்தப் படத்தில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்தேன். டெலித் அப்படி இல்லை. அவள் பத்தாம் நாள்தான் வந்தாள். முதல் ஒன்பது நாள் ஒளிப்பதிவு செய்தவர் ஃபெர்கஸ் லெய்ட்லா.

ஒன்பதாம் நாள் ஒரு சமையலறைக் காட்சி. மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் விதவை, மகனுடைய போனுக்காகக் காத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். ஃபெர்கஸ் ஒரு விளக்குகூட வைக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும். நடுவில் மேகம் வந்து மறைத்தது, அறை இருண்டது, அவள் கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு ஃபோகஸ் பிடித்தேன். "நிறுத்தாதீங்க, யாரும் நிறுத்தாதீங்க," என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மேகம் விலகி வெளிச்சம் திரும்பி வந்தபோது அந்த நடிகை, யாரும் சொல்லாமலே, தலையை நிமிர்த்தினாள். நாலு நிமிடம்.

டைரக்டர் வின்னி கால்டருக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியவில்லை, விளக்குப் போட்டு மறுபடி எடு என்றாள். அவர் மாட்டேன் என்றார். மழையில் நாற்பது பேர் பார்க்க இருவரும் கத்திக்கொண்டார்கள். அவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டார். படத்தில் தன் பெயரே வேண்டாம் என்று கடிதமும் எழுதிவிட்டார்.

பிறகு எடிட்டிங்கில் வின்னி, ஃபெர்கஸ் எடுத்த மற்றதையெல்லாம் தூக்கிவிட்டு, அந்த நாலு நிமிடத்தை மட்டும் ஒரு வெட்டு இல்லாமல் வைத்துக்கொண்டாள். பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றித்தான் எழுதின. பாராட்டு முழுக்க டெலித்துக்குப் போனது. முதலில் அவள் சிரித்து மழுப்பினாள். அக்டோபரில் ஒரு திரைப்பட விழாவில், மேடையில் வைத்து, அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். டெலித் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். அப்புறம், "நான் ஜன்னலை நம்பினேன்," என்றாள்.

அரங்கமே கைதட்டியது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.

விருந்துக்கு முந்தின நாள் காலை, பாதி ரொட்டியைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஃபெர்கஸ் இப்ப எங்க இருக்கார்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். எங்கள் தொழிலில் யார் எங்கே வேலை செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். குராய்டனில் ஒரு கிடங்கில் மெத்தை விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தார். என் வேனில் போனோம். வழி முழுக்க ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.

இடைவேளையில் அவர் கையில் பாதி தின்ற சாசேஜ் ரோலோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"அடடே, ஜன்னலம்மா வந்திருக்காங்க! எங்கம்மா கூட விழாவுல நீ பேசின வீடியோவ பாத்தாங்க தெரியுமா? 'ஏன்டா, இதே கதைய நீயும் போன்ல சொன்னியே'ன்னு கேட்டாங்க."

டெலித்தின் முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னது தப்பு, ஃபெர்கஸ். அதச் சொல்லத்தான் வந்தேன். நாளைக்கு மேடைல உங்க பேரச் சொல்லப் போறேன். அந்தக் காட்சி உங்களோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"ஜெயிச்சா சொல்லுவ."

"ஆமா, ஜெயிச்சா..."

"தோத்துட்டா?"

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"கையில விருத வெச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டா, அதுக்கும் எழுந்து நின்னு கைதட்டுவாங்கம்மா. ஆகா, என்ன பெரிய மனசு இவளுக்குன்னு. அந்தக் கைதட்டலும் உனக்கேதான். எனக்கு அது வேணாம்." வாயிலிருந்த ரோலை மென்று விழுங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன மொய்ரா, வாய்ல கொழுக்கட்டையா? நீ அங்கதான இருந்த?"

நான் தரையைப் பார்த்தேன். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "மெத்தைக்கு வெளிச்சம் பத்தலையாம்," என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேனில் ஏறியதும் டெலித் விருதுக் குழுவின் செயலாளர் ஹெஸ்டர் குவேலுக்குப் போன் போட்டாள். நடுவர்கள் அன்று நாலு மணிக்குத்தான் கடைசியாகக் கூடுகிறார்கள் என்றது பதில். மணி ஒன்றரை. வழியில் எங்கோ சாலையைத் தோண்டியிருந்தார்கள். பிரிக்ஸ்டனில் வண்டி நகரவே இல்லை. டெலித் கதவைத் திறந்து இறங்கி, "நீ வண்டிய எங்கயாவது நிறுத்திட்டு வா," என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடினாள். நானும் ஒரு சந்தில் வண்டியைச் சொருகிவிட்டு அவள் பின்னால் ஓடினேன். அபராதம் வரும் என்று தெரியும்.

சோஹோவில் மூன்றாம் மாடி அலுவலகம். ஹெஸ்டர் அறுபதை நெருங்கும் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"படக்குழு குடுத்த பேர்தாம்மா எங்களுக்குக் கணக்கு. ரெண்டு பேர் போடணும்னா உங்க டைரக்டர் எழுதித் தரணும்."

டெலித் அங்கேயே வின்னியைப் போனில் கூப்பிட்டாள். வின்னியின் குரல் எனக்கும் கேட்டது, ஹெஸ்டருக்கும் கேட்டிருக்கும்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? நடுத்தெருவுல விட்டுட்டுப் போனவன்டி அவன்! உன்னக் கூட்டிட்டு வந்து மிச்சப் படத்த நான் காப்பாத்தினேன். பேர் வேணாம்னு அவனே எழுதிக் குடுத்துட்டான். இப்ப என்ன புதுசா?"

"அந்தக் காட்சிய அவர்தான் எடுத்தார், வின்னி."

"நான் ஒத்துக்க மாட்டேன். நீ எதாவது பண்ணினா, என் அடுத்த படத்துல நீ இல்ல. அவ்வளவுதான்."

போன் நின்றது. அதுவரை அறைக்குள் நடந்துகொண்டே பேசிய டெலித், ஹெஸ்டரிடம் ஒரு தாள் கேட்டாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். படத்தின் முப்பத்தோராம் நிமிடத்திலிருந்து முப்பத்தைந்தாம் நிமிடம் வரை உள்ள காட்சி என்னுடையதல்ல. அதை எடுத்தவர் ஃபெர்கஸ் லெய்ட்லா. விழாவில் நான் சொன்னது பொய். மிச்சத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

"இத அவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். ஆனா, என்ன நடக்கும்னு நான் சொல்ல முடியாது," என்றார் ஹெஸ்டர்.

"சாட்சிக்கு யாராவது வேணுமா?" என்று நான் கேட்டேன். தாளின் அடியில் என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டியது.

மறுநாள் மதியம் விருந்து. எங்கள் மேசையில் வின்னி டெலித்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, எங்களை நிமிர்ந்து பார்க்காமல் தட்டிலிருந்த கோழித்துண்டை அறுத்துக்கொண்டிருந்தாள். ஒளிப்பதிவு விருதின் முறை வந்தபோது டெலித் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. விருது ஹெப்ரிடீஸ் தீவுகளில் எடுத்த ஒரு படத்துக்குப் போனது. மேடையேறிய இளைஞன் பேச்சு வராமல் அழுதான். டெலித் எல்லோரையும் போலக் கைதட்டினாள்.

கடிதத்தால்தான் கைநழுவியதா, இல்லாவிட்டாலும் நழுவியிருக்குமா? நடுவர்கள் சொல்லவில்லை. டெலித் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்; அதற்குப் பின் பல வாரம் என்னோடு பேசும்போது பாதி வாக்கியத்தில் நின்று போவாள். திரைப்பட விழாக்காரர்களுக்கு எழுதி, அந்த வீடியோவுக்குக் கீழே திருத்தம் ஒன்றைப் போட வைத்தாள். ஃபெர்கஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "பார்த்தேன். அம்மாகிட்டயும் காட்டினேன்." அவ்வளவுதான். இருவரும் சிநேகிதர்கள் ஆகவில்லை.

வின்னி சொன்னபடியே செய்தாள். அடுத்த படத்துக்கு வேறு ஒளிப்பதிவாளரை வைத்தாள். பிப்ரவரியில் ஃபோகஸ் பார்க்க என்னைக் கூப்பிட்டாள். நான் டெலித்திடம் சொன்னேன்.

"போ மொய்ரா. அவ நல்ல டைரக்டர். அது வேற, இது வேற."

போனேன். முதல் நாள் காலை, ஹல் துறைமுகத்தில் எலும்பு வரை குளிர். நான் பெட்டியிலிருந்து லென்ஸ்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வின்னி டீயோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீயும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டியாமே?"

"போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டப் போகிறாள், வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு மானிட்டர்ல எனக்கு ஒண்ணுமே தெரியல மொய்ரா. நிஜமா. வெறும் இருட்டுதான் தெரிஞ்சுது. எடிட்டிங்லதான் அவன் பாத்தது எனக்குத் தெரிஞ்சுது," என்றாள். பிறகு மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "சரி, அம்பது எம்எம் லென்ஸ மாட்டு. மேகம் வருது, வெளிச்சம் போயிடும்," என்று நடந்தாள்.