சோனா கானா விட்ட இடுக்கு

சுவரெல்லாம் விரிசல் விட்டிருந்த எட்டையபுரம் ரோட்டுப் பெண்கள் நடுநிலைப் பள்ளியை இடித்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்த அன்று வெயிலுகந்தம்மாள் டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. இடிக்கப் போகிறார்களே என்பதைவிட, மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் சொன்ன காரணம்தான் அவளைச் சுட்டது. "கிணறு வெட்டுறவன் கட்டின கட்டடம். இத்தனை வருசம் நின்னதே பெரிசு" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் டீயை வேறு ரசித்துக் குடித்தார். அந்தக் கிணறு வெட்டுகிறவர் டீச்சரின் அப்பா கருத்தையா.

சோலைமுத்து கருத்தையா கட்டடக் கம்பெனி தொடங்கியது 1912இல். முழுப்பேரை ஊரில் யாரும் சொன்னதில்லை. சோனா கானா என்றால் போதும். சோலைமுத்து ரயில்வேயில் பிளான் வரைந்தவர், துரையோடு வாக்குவாதம் முற்றி வேலையை உதறிவிட்டு வந்தவர். கருத்தையாவுக்குப் பள்ளிக்கூட வாசனையே கிடையாது. ஆனால் குளத்தூரிலிருந்து இடைசெவல் வரைக்கும் எந்தப் புஞ்சையில் எத்தனை அடியில் சுக்கான் பாறை தட்டும் என்று அவரைத்தான் கேட்பார்கள். பெரிய பெரிய கம்பெனிகள் கரிசலில் எழுப்பிய பங்களாக்கள் அப்போது இரண்டு மழைக்குள் வாய் பிளந்துகொண்டிருந்தன. கோடையில் மாட்டுக் கால் இறங்குகிற அளவுக்கு வெடிக்கும் மண், ஐப்பசியில் ஊதி எழும்பி மேலே உள்ளதைத் தூக்கிப் போடும். எவ்வளவு கனமாகக் கட்டினாலும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

கருத்தையா கனமாகக் கட்டவில்லை. மண் அசையத்தான் செய்யும், கட்டடமும் கூடவே அசைந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி. சுக்கான் வரைக்கும் தோண்டி மணலை நிரப்பி அதன் மேல் கட்டினார். நீளமான கட்டடம் என்றால் ஒரே துண்டாக எழுப்பமாட்டார். பருத்திக் கிட்டங்கி, ஆஸ்பத்திரி, எப்போதும்வென்றானில் ஒரு சத்திரம் என்று இருபத்து நாலு வருசத்தில் பதினேழு கட்டடம். பதினேழும் நிற்கின்றன. 1936இல் சோலைமுத்து காய்ச்சலில் போனதும் கருத்தையா கம்பெனியை இழுத்து மூடினார். வேறொருத்தர் வரைந்த பிளானைத் தொடக்கூட அவருக்கு மனசில்லை.

கம்பெனியின் பிளான்களெல்லாம் டீச்சர் வீட்டுப் பரணில் தகரக் குழாய்களில் கிடந்தன. பள்ளிக்கூடத்துப் பிளானை எடுத்துப்போய் அந்த இன்ஜினியர் மூஞ்சிக்கு முன்னால் விரித்துக் காட்டிவிடுவது என்று வந்த வேகத்தில் பரணில் ஏறினாள். கீழே இறங்கி, தரையில் விரித்துவைத்துக் கண்ணாடியை மாட்டினாள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிகிற பள்ளிக்கூடம் பிளானில் இரண்டாக இருந்தது. நாலாம் வகுப்புச் சுவரும் ஐந்தாம் வகுப்புச் சுவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாக நின்றன. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடுக்கு. அதன் பக்கத்தில் சோலைமுத்துவின் உருண்டைக் கையெழுத்து: 'கோடையில் விரியும், மழையில் சுருங்கும். எக்காரணம் கொண்டும் இதை அடைக்கக் கூடாது.'

டீச்சர் அந்த வரியில் விரலை வைத்து மறுபடி படித்தாள். அந்த இடுக்கை அடைக்கச் சொன்னதே அவள்தான்.

எழுபத்தாறு சித்திரையில் நடந்தது அது. இடுக்கை மூடி அடித்திருந்த பனஞ்சட்டம் இற்றுப்போய், அது வழியாக ஒரு கட்டுவிரியன் நாலாம் வகுப்புக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று அழுதன. அன்றைக்கே பள்ளிச் செயலாளர் ராமசுப்பு வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டாள். ராமசுப்பு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, நல்ல மனுஷர். மறுநாளே கொத்தனாரை அனுப்பிவைத்தார். வெயிலில் இடுக்கு நன்றாக விரிந்து கிடந்த நேரம். மேலிருந்து அடிவரைக்கும் சிமெண்டைக் கெட்டித்தார்கள். டீச்சர் பக்கத்திலேயே நின்று குச்சியால் குத்திப் பார்த்து, இங்கன இன்னும் கொஞ்சம், அங்கன இன்னும் கொஞ்சம் என்று வேலை வாங்கினாள். அந்த வருசத்து மழையில் இரண்டு சுவரும் நெருங்கப் பார்த்திருக்கின்றன. நடுவில் சிமெண்ட் விடவில்லை. முதல் விரிசல் அப்போது விழுந்ததுதான். ரோட்டில் போகிற லாரிகளால் வந்த வினை என்று இரண்டு வருசமாக அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விரிசலுக்கு இதுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வருகிற ஜூனில் அவள்தான் தலைமை ஆசிரியை. சீனியாரிட்டிப்படி அடுத்த பேர் அவளுடையது. பழி கருத்தையாவோடு போய்விடும். செத்துப்போனவர் வந்து மறுக்கவா போகிறார்? இரண்டு நாள் இப்படி யோசித்தாள். இப்படி யோசிக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கருத்தையா மகளுக்குக் கரிசலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரிய அவமானம்.

சனிக்கிழமை காலையில், மழை தூறிக்கொண்டிருந்தபோதே, இடைசெவலிலிருந்து கிணறு வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேரைக் கடப்பாரையோடு வரவழைத்தாள். வேண்டுமென்றேதான் அவர்களைக் கூப்பிட்டாள். சிமெண்ட் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டு ராமசுப்பு குடையோடு ஓடிவந்தார்.

"டீச்சர், எப்படியும் இடிக்கத்தான போறோம். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நான் கட்டடத்தை இடிக்கலை அண்ணாச்சி. நான் அடைச்சதை நான் எடுக்குதேன்."

பிளானை அவர் கையில் கொடுத்தாள். குடைக்குள் வைத்து அவர் அந்த உருண்டை எழுத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு ஆட்களை நிறுத்தச் சொல்லவில்லை. கார்த்திகை கழிகிற வரைக்கும் பொறுப்போம், இன்ஜினியரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கார்த்திகையில் மழை வஞ்சனை இல்லாமல் பெய்தது. டீச்சர் தினமும் ஸ்கேலை வைத்து இடுக்கை அளந்தாள். பத்தாம் நாள் இரண்டு விரல்கடை ஒரு விரல்கடை ஆனது. சுவர்களில் பென்சில் நுழைந்த விரிசலில் இப்போது ஊசி நுழைய மறுத்தது. மாசக் கடைசியில் வந்த இன்ஜினியர் நடந்து நடந்து பார்த்தார், அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தார், மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார். அதற்குப் பிறகு கிணற்றைப் பற்றி அவர் பேசவே இல்லை. பிளானை நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் மரியாதையாகக் கேட்டார்.

இடிக்க வேண்டாம் என்று இன்ஜினியர் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். பிறகு ஏன் விரிசல் விட்டது என்று மேலே கேட்பார்களே. ராமசுப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரோ விவரம் தெரியாமல் அடைத்துவிட்டார்கள் என்று எழுதினால் தீர்ந்தது என்றார். டீச்சர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, மெமோ கிமோ வந்தால் ஜூனில் சிக்கலாகும், பேசாமல் இருங்கள் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

"யாரோன்னு எழுதினா நாளப்பின்ன அது எங்கய்யா தலையிலதான் வந்து விடியும். எம் பேரைப் போடுங்க சார். இன்னார் மகள்னும் போடுங்க" என்றாள் டீச்சர்.

இன்ஜினியர் ராமசுப்புவைப் பார்த்தார். ராமசுப்பு ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் நகரவில்லை.

'1919இல் கருத்தையா கட்டிய கட்டடத்தில் குறை எதுவும் இல்லை. 1976இல் அவர் மகள் வெயிலுகந்தம்மாள் இடுக்கை அடைக்கச் செய்ததால் விரிசல் கண்டது' என்று இன்ஜினியர் எழுதினார். டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு, முதல் வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மெமோ வந்தது. ஜூனில் அவளுக்கு ஆறு வருசம் இளையவளான பாலம்மாள் தலைமை ஆசிரியை ஆனாள். வெயிலுகந்தம்மாள் பழையபடி நாலாம் வகுப்புக்கே போனாள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தச் சுவரில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டுதான் பாடம் நடத்தினாள்.