லியோனார்டை அறுத்த கதை

ராயபுரத்தில் மேஜிக் லியோனார்டைத் தெரியாதவர்கள் குறைவு. வாரம் முழுக்கத் திருவொற்றியூர்ப் பட்டறையில் வெல்டிங். திருவிழா, ஆண்டுவிழா என்றால் கறுப்புக் கோட்டும் ரம்பமும். பெட்டிக்குள் படுத்து இரண்டு துண்டாவது அவன் மனைவி ஆன்சி. பதினோரு வருடமாக அவள்தான்.

துறைமுகத்தில் வேலை முடிந்து திரும்பும்போது, ரயிலில் அந்த வித்தையின் சரித்திரத்தைப் போனில் படித்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்தாள்.

"லண்டன்ல ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுல மேடை ஏத்திக்கீறாங்க. கொட்டாய் வாசல்ல ஆம்புலன்ஸ நிறுத்தி வெளம்பரம் வேற. உள்ள படுத்தது யாரு தெரியுமா? பொம்பள!"

"அதுக்கு இப்ப இன்னாமே?"

"நூறு வருசம் தாண்டிடுச்சுய்யா. இந்த தபா நீ படு, நான் அறுக்கிறேன்."

லியோனார்ட் சிரித்துவிட்டான். "சும்மா படுத்துகினு கெடக்கணும். அவ்ளோதானே?"

பழைய பெட்டியில் அவன் தோள் நுழையவில்லை. பெரிதாக ஒன்று செய்தான். ஒத்திகையில்தான் சங்கதி விளங்கியது. மூடி விழுந்த ஆறு நொடிக்குள் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, பெட்டியின் தலைப்பக்கப் பாதிக்குள்ளேயே சுருண்டுகொள்ள வேண்டும். நடுவில் தொப்பை நின்றது. ஒரு மாதம் ராத்திரிச் சோற்றைக் குறைத்தான்.

கோயில் திருவிழா அன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. கோட்டு போட்டுக்கொண்டு ஆன்சி ரம்பத்தைத் தூக்கியதும் பெண்கள் பக்கமிருந்து விசில் பறந்தது. "அறுக்கா! நல்லா அறு!"

அறுத்தாள். பெட்டியை இரண்டாகப் பிரித்துத் தள்ளினாள். கைத்தட்டலுக்கு நடுவே லியோனார்டின் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. வெளியே தெரிந்த அவன் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முன்வரிசைப் பிள்ளைகள் வீறிட்டன. மீன் விற்கும் கெங்கம்மா மேடைக்கே ஏறிவிட்டாள்.

"ஏம்மா ஆன்சி, புருசன் மேல இன்னா கோவம் இருந்தாலும் இது ஓவரு! மொதல்ல அந்தாள ஒட்டு!"

ஆன்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒட்டினாள். நொண்டிக்கொண்டே எழுந்து வணக்கம் சொன்னவனைப் பார்த்ததும் கூரை அதிரக் கைத்தட்டல்.

திரைக்குப் பின்னால் காலைத் தேய்த்தபடி கேட்டான். "பதினோரு வருசமா இப்டித்தான் வலிச்சுதா? ஒரு வார்த்தை சொல்லலியேமே?"

"சிரிச்சுகினே இருக்கணும்னு நீதானே சொன்ன?"

அவன் அவள் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டான்.

மறுவாரம் வியாசர்பாடியிலிருந்து போன் வந்தது. "புருசன அறுக்கிறாங்களே, அந்த அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க," என்று லியோனார்ட் போனை ஆன்சியிடம் நீட்டினான்.