சரோஜா வீட்டு முட்டைக்கோழி

தொண்ணூற்றொன்று ஐப்பசி. அடைமழையில் சேரப்பணஞ்சேரி செங்கல் சூளை மூடிக் கிடந்தது. மழையோடு சேர்ந்து சரோஜாவின் சாபமும் காலையிலிருந்து கொட்டியது. அவளுடைய முட்டைக்கோழியை எவனோ அமுக்கிவிட்டான்.

எவனோ என்ன, பக்கத்து வீட்டுக் கோபால்தான். பதினேழு வயது. அம்மா கனகத்துக்குச் சூளை வேலை நின்றதிலிருந்து அடுப்பு சரியாக எரியவில்லை. தங்கச்சியோ கஞ்சித் தண்ணியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சூளைக்காரரு குடுத்தாரும்மா" என்று கோழியை நீட்டினான். உடைந்த செங்கல்லைக்கூடச் சும்மா தராத மனுஷன் கோழி தந்தாராம்! கனகம் நம்பினாள். பசித்த வீட்டில் குறுக்குக் கேள்விக்கு ஏது தெம்பு?

குழம்பு கொதித்ததும்தான் வினை. கறி சமைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்காமல் அந்தத் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது. கோபால் தடுப்பதற்குள் கனகம் கிளம்பிவிட்டாள். மரியாதைக்காகக் கோழி வயிற்றிலிருந்த மஞ்சள் கருக்களையெல்லாம் அந்தக் கிண்ணத்திலேயே போட்டிருந்தாள், மகராசி.

அங்கே சரோஜாவின் புருஷன் புருஷோத்தமன் கோழி திருட்டைச் சொல்லப் போலீஸ் டேசனுக்குப் போக சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடிவந்த கோபாலுக்கு அதே ஊர்த் தாண்டவராயனின் ஞாபகம் வந்தது. ஒருதரம் பம்புசெட் ஒயர் திருடி மாட்டிய அவனை, அப்புறம் எது காணாமல் போனாலும் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். வேலை கொடுப்பாரில்லை. கடைசியில் அவன் திருட்டையே தொழிலாக்கிக்கொண்டான்.

சரோஜா மூடியைத் திறந்தாள். கொத்துக்கொத்தாய்க் கரு. முட்டை வைக்கிற கோழியை எவன் மனசறிந்து அடிப்பான்?

"சூடா துன்னுக்கா" என்று கனகம் பெருமையாகச் சிரித்தாள். சரோஜா அவளைப் பார்த்தாள், கோபாலைப் பார்த்தாள்.

"யோவ், சைக்கிள உள்ள வுடு."

"அப்ப கோழி?"

"கீரி தூக்கிகினு போயிருக்கும். வந்து துன்னு."

புருஷோத்தமன் தின்றார். "நம்ம கோழிகூட இவ்ளோ ருசியா இருந்திருக்காது" என்று சர்டிபிகேட் வேறு.

கனகம் போனதும் சரோஜா கோபாலின் காதைத் திருகினாள். "பசிச்சா கேக்க வாயில்ல, கோழி புடிக்க மட்டும் கை கீதா? காலையில வந்து மாட்டுக்கொட்டாய கூட்டு. கஞ்சி குடிச்சிட்டு வூட்டுக்கும் எடுத்துகினு போ."

"சரி அத்த" என்றவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எந்த வம்பையும் ஒரு பொழுது மனசுக்குள் வைக்கத் தெரியாத சரோஜா, இதை மட்டும் கனகத்திடம்கூட மூச்சுவிடவில்லை. வருஷங்கள் கழித்து, ஒரகடம் கம்பெனியில் வேலையாகி, கோபால் தன் கல்யாணப் பத்திரிகையை முதலில் கொண்டுபோய் சரோஜாவிடம் வைத்தான். தாய்மாமன்கள் முறைத்துக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானம் செய்யத்தான் அவனே இந்தக் கதையைச் சொன்னான். இல்லாவிட்டால் நமக்கெப்படித் தெரியும்?